மாமியார் வீட்டில் வந்த பதில்

எங்கள் ஊரில் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் இரண்டு வீடு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் கண்ணைச் சிமிட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கிறதுக்கு அதில் ஒன்றுமில்லை. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்டாட்டி வீட்டுக்குக் குடிபோய்விடுவார். ஆனால் காலைப் பசியாறலும் பகல் சோறும் பெற்ற உம்மாவின் வீட்டில்தான். அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுப் பெண்டாட்டி வீட்டுப் படியேறுவார். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் இதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்தால் தினமும் தலைவலி வாங்குகிற ஆள் நான். பெயர் மைமூன். பெட்டிக் கம்பெனியின் உள்ளூர் டெக்னீஷியன்.

எங்கள் ஆண்கள் என்றைக்கு ஊரில் தங்கினார்கள்? கொழும்பு, ஹாங்காங், துபாய் என்று கடல் தாண்டிப் பிழைக்கப் போனார்கள்; சபர் என்போம். இப்போது செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார்கள். துபாய்க்குப் போனவரிடம் போனில் சண்டையாவது போடலாம். செவ்வாயில் இருக்கிறவரிடம் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டால் அந்தக் கேள்வி போய்ச் சேரவே கால் மணி நேரம். ‘சாப்பிட்டேன்’ திரும்பி வர இன்னொரு கால் மணி. இப்படி ஒரு குடும்பம் நடத்த முடியுமா? அதற்காக வந்ததுதான் பெட்டி. கிளம்புவதற்கு முன் ஆளின் மனசை அப்படியே படியெடுத்து ஒரு சர்வரில் வைத்துவிடுவோம். வீட்டுக் கூடத்தில் ஒரு பேசும் பெட்டி இருக்கும். கூப்பிட்டால் அவர் குரலில், அவர் கோபத்தில், அவர் கிண்டலில் பதில் வரும். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அங்கே இருக்கிறவரின் ஒரு வார நினைவு இங்கே வரும். இங்கே பேசியதெல்லாம் அங்கே அவருக்குப் போகும். ஆகவே அங்கே இருப்பவரும் இங்கே பேசுபவரும் ஒரே ஆள்தான் என்பது கம்பெனியின் வாதம். ஊரில் இதற்கு மாப்பிள்ளைப் பெட்டி என்று பெயர்.

இதை வடிவமைத்த புண்ணியவான் ஓர் ஆளுக்கு ஒரு வீடு என்றுதான் நினைத்திருந்தார். பெட்டி பெண்டாட்டி வீட்டில் மட்டும் இருந்தால் பெற்றவள் சும்மா இருப்பாளா? ஊரே ரகளையானது. அதனால் எங்கள் ஊர் சர்வர்களில் மட்டும் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று பெண்டாட்டி வீட்டுக்கு, இன்னொன்று உம்மா வீட்டுக்கு. மனசு ஒன்று, வாசல் இரண்டு. எந்த வீட்டில் கூப்பிட்டாலும் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் பதில் வர வேண்டும். மாறி வந்தால் என் திரையில் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை விழும்: ‘கேட்டது ஒன்றாம் வழியில், பதில் போனது இரண்டாம் வழியில்.’

எங்களுக்கு அண்ணன் காக்கா, அக்கா லாத்தா. செவ்வாயில் இருக்கிற நூஹு காக்காவின் பெண்டாட்டி ஜுலைஹா லாத்தாவின் வீட்டுச் சர்வர் அன்றைக்கு அப்படி மஞ்சளாகக் கொட்டித் தீர்த்தது. என்ன ஏது என்று பார்க்கப் போனால், அவருடைய மாமியார் பல்கீஸ் மாமி எனக்கு முன்னாலேயே அங்கே வந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

“மைமூனு, மானம் போச்சுளா!”

“என்ன மாமி ஆச்சு?”

“நேத்து எங்க வீட்ல பொம்பளைவ எல்லாம் உக்காந்து குர்ஆன்ல யாசீன் ஓதிக்கிட்டு இருக்கோம். திடீருன்னு எம்மவன் பெட்டி பேசுது. ‘மல்லிப்பூ வாசம் இங்க வரைக்கும் வருது புள்ள, கிட்ட வா’ங்குது. ஓதிக்கிட்டு இருந்தவளுவ அத்தன பேரும் கிதாப மூடி வச்சுட்டுச் சிரிக்காளுவ. நான் எங்க போயி முகத்த வைக்க?”

நான் ஜுலைஹா லாத்தாவைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூ வைத்திருப்பதாகத் தன் வீட்டில் உட்கார்ந்து மச்சானிடம், அதாவது புருஷனிடம், சொன்னது அவர்தான். பதில் மாமியார் வீட்டில் போய் விழுந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமி என்னை முறைத்தார்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு வீடும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்பவை. நடுவில் பெண்கள் மட்டும் நடக்கிற ஒரு சந்து உண்டு, முடுக்கு என்போம். அந்த முடுக்கின் குறுக்கே, சர்வரிலிருந்து மாமி வீட்டுக்குப் போகிற கம்பிக்குப் பக்கத்தில், இன்னொரு நீலக் கம்பி தொங்கியது. இரண்டு வீட்டு இணைப்பையும் நேராக ஒன்றாகக் கட்டிப்போட்டிருந்தது.

“இது யாரு போட்டது?”

“நாத்தனார் மவ கல்யாணத்துக்குப் போட்டது,” என்றார் ஜுலைஹா லாத்தா. “நிக்காஹ் பள்ளிவாசல்ல நடந்துச்சுல்ல. ரெண்டு வீட்லயும் பொம்பளைவ டீவில பாக்கணும்னு எலக்ட்ரீஷியன் இழுத்து விட்டான். கழட்ட மறந்துட்டான் போல.”

“நல்லா மறந்தான் போங்க. ரெண்டு வீட்டையும் ஒரே கம்பியில கட்டுனா, இந்த வீட்ல ‘நூஹு எங்க’ன்னு கேக்குறது ரெண்டு வாசல்லயும் கேக்கும். எந்த வாசல் முந்துதோ அது ‘இந்தா இருக்கேன்’னு சொல்லிரும். அங்க கேட்டது இங்க, இங்க கேட்டது அங்க.”

கம்பியைப் பிடுங்கிச் சுருட்டி மாமி கையில் கொடுத்தேன். அவர் அதைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

நான் கிளம்பும்போது ஜுலைஹா லாத்தா வாசல் வரை வந்தார்.

“இனி கேட்டதுக்கெல்லாம் பதில் எனக்கே வந்துரும்ல?”

“வந்துரும் லாத்தா.”

“ஒண்ணு மட்டும் கேக்கணும் மைமூன். எப்ப வாறீங்கன்னு. ஒப்பந்தம் முடிஞ்சு எத்தன நாளாச்சு. அவரு வாயே தொறக்க மாட்டேங்காரு. பெட்டில குரல் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா காலைல எந்திரிச்சுப் பாத்தா பக்கத்துத் தலகாணில தல அமுங்குன தடம் இல்ல. அந்தத் தடத்தப் பாக்கணும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் என்ன? அந்தத் தடம் எனக்கும் புரிந்தது. இன்ஷா அல்லாஹ் வந்துருவாரு லாத்தா என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தது சில நாள்தான். திரையில் மறுபடியும் மஞ்சள். முன்பு மழை மாதிரி கொட்டியது, இப்போது சொட்டு. ஒரு நாளைக்கு ஒன்று. அதுவும் மஃரிபுக்குப் பிறகு மட்டும். சென்னை ஆபீசில் கிருபாகரன் சாரைக் கூப்பிட்டேன்.

“கஸ்டமர் யாராச்சும் கம்ப்ளைன்ட் பண்ணாங்களா?” என்றார்.

“இல்ல சார்.”

“அப்புறம் என்னம்மா? அந்த வார்னிங் வராத மாதிரி அமுக்கி விட்டுட்டு டிக்கெட்ட மூடு. எல்லா ஊர்லயும் அப்படித்தான் பண்றோம்.”

பண்ணுகிறார்கள்தான். சர்வரில் ஒரே ஒரு வரியை மாற்றினால் எச்சரிக்கை எழுதுவதை அது நிறுத்திவிடும். பதில் தப்பான வாசலில் போவது மட்டும் நிற்காது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம் இது. எனக்கு மஞ்சள் எழுத்தைப் பார்த்தால் சோறு இறங்காது. சரி சார் என்று சொல்லிவிட்டு, மாமி வீட்டுக்குப் போனேன்.

“ஒண்ணுமில்லளா,” என்றார் மாமி, நான் கேள்வியை முடிக்கும் முன்னாலேயே. “இப்ப எல்லாம் ஒழுங்கா இருக்கு. எம் பெட்டில எங்கிட்டப் பேசுறது மட்டுந்தான் வருது. இந்தா, வட்டிலப்பம் சாப்புடு.”

கேட்காமலே வட்டிலப்பம் கொடுக்கிற ஆள் இல்லை பல்கீஸ் மாமி. சாப்பிட்டேன். வாய்க்கு நன்றாக இருந்தது, மனசுக்கு உறுத்தியது. முடுக்கு வழியாக ஜுலைஹா லாத்தா வீட்டுக்குள் நுழைந்தேன். மஃரிப் பாங்கு சொல்லியாகிவிட்டது, லாத்தா தொழுதும் முடித்திருந்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றார். “பேசுறாரு, சிரிக்கிறாரு, குழம்புல உப்பு எவ்வளவு போட்டேன்னு கூடக் கேக்குறாரு. அந்த ஒண்ணக் கேட்டா மட்டும் ஊமையாயிருவாரு. கோவமோன்னு நான் விட்டுருவேன்.”

“தினமும் கேப்பீங்களா?”

“தினமும் ஒருக்காக் கேப்பேன்.”

ஒரு நாளைக்கு ஒரு சொட்டு. மடிக்கணினியைத் திறந்து சர்வரோடு இணைத்தேன். “இப்பக் கேளுங்க லாத்தா.”

அவர் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “மச்சான்.”

“சொல்லு புள்ள.” பதில் அதே பெட்டியில், சுத்தமாக வந்தது.

“எப்ப வாறீங்க?”

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. என் திரையில் மஞ்சள் விழுந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் முடுக்கில் ஓடினேன். மாமி தன் கூடத்தில் பெட்டியின் பக்கத்தில் முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி அப்போதுதான் பேசி முடித்துக்கொண்டிருந்தது.

“…சொல்லிராதீங்க உம்மா. அவ தாங்க மாட்டா.”

“என்ன மாமி இது? ஒண்ணும் வரலன்னீங்களே!”

மாமி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “எலும்பெல்லாம் சல்லடையாப் போச்சாம் மைமூன். கனமில்லாத ஊருல ரொம்ப நாளு இருந்துட்டான்ல. இங்க வந்து எறங்குனா நெஞ்சு தாங்காதுன்னு அங்க உள்ள டாக்டரு சொல்லிட்டாராம். இனி வரவே முடியாதாம்.” மூக்கைச் சிந்திக்கொண்டார். “அவ கேக்குறது எனக்குக் கேக்காதுளா. பதிலு மட்டும் வந்து விழும். விழுந்தா, ஓ, இன்னைக்கும் கேட்டுட்டா போலன்னு தெரிஞ்சுக்கிருவேன். நானும் எத்தனையத்தான் முழுங்குவேன்?”

நான் திரும்பினேன். முடுக்கு வாசலில் ஜுலைஹா லாத்தா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் இருந்தது. மாமி, “ஏளா, ஜுலைஹா…” என்று எழுந்திருக்கப் பார்த்தார். லாத்தா திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னாலேயே போனோம்.

எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நேரே பெட்டியிடம் போய்ப் பேசினேன்.

“நூஹு காக்கா, நான் மைமூன். கம்பியப் பிடுங்கிட்டேன். சர்வர்ல யாரும் கைவைக்கல. அப்புறம் எப்படிப் பதில் அந்த வீட்டுக்குப் போகுது? நீங்களா அனுப்புறீங்க?”

“ஆமா,” என்றது பெட்டி. “கம்பி மாறிக் கிடந்தப்ப ஒரு நாள் அவ கேட்டா. உள்ளத வாய் தவறிச் சொல்லிட்டேன். அது உம்மா வீட்ல போயி விழுந்துருச்சு. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு மைமூன். சொல்லவும் சொல்லியாச்சு, அவ காதுல விழவும் இல்ல. நீ வந்து கம்பிய எடுத்துட்ட. எனக்கு அந்த வசதி வேண்டியிருந்துச்சு. வாசல் ரெண்டும் எங்கிட்டதான இருக்கு. நானே மாத்திக்கிட்டேன்.”

“நல்லா இருக்கு காக்கா நீங்க பண்ணுற நாயம்!”

ஜுலைஹா லாத்தா என் தோளைத் தொட்டார். “அந்த வாசல அடச்சிரு மைமூன்.”

“எதுக்கு…”

“அடச்சிரு. எங்கிட்டப் பேசுறது எங்கிட்டயே பேசட்டும்.”

இந்த வீட்டில் கேட்ட கேள்விக்கு இந்த வீட்டு வாசலைத் தவிர வேறு வழியில் பதில் போகக் கூடாது என்று ஒரு வரி எழுதினேன். அதைச் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகாது. முதல் நாளே செய்திருக்கலாம். பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது என்று யாரும் செய்வதில்லை. சரி என்று தலையசைத்தேன்.

“எப்ப வாறீங்க மச்சான்?”

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. போக வேறு வாசல் இல்லை.

“வர மாட்டேன் ஜுலைஹா.”

மாமி வாயைப் பொத்திக்கொண்டார். ஜுலைஹா லாத்தா விழுவார், கத்துவார் என்று நான் தண்ணீர்ச் செம்பைத் தேடினேன். அவரோ என் பக்கம் திரும்பி, “அங்க பொம்பளைய ஏத்த மாட்டாங்களா?” என்று கேட்டார்.

“ஏத்துவாங்க லாத்தா. சபர் போனவங்க பெண்டாட்டிய அங்க குடிவச்சுக்க அனுமதி இருக்கு. நம்ம ஊர்ல இருந்து ஒருத்தரும் போனதில்ல. குடியேறிப் போனா திரும்புற சீட்டு கெடையாது.”

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். ஆண் போவான், வருவான். பெண் வீட்டில் இருப்பாள். வீட்டை விட்டுப் பெண் சபர் போனாள் என்று ஒரு கதைகூடக் கிடையாது. அவர் சுவரை, உத்திரத்தை, ஊஞ்சல் கொக்கியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியிடம் சொன்னார்.

“அப்ப நான் வாறேன் மச்சான்.”

மாமி “யா ரப்பே” என்றார். நான் அழுதேவிட்டேன். சந்தோஷமா துக்கமா என்று இன்றைக்குவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெட்டி மட்டும் பேசவில்லை. வேறு வழியாகப் போகிறதோ என்று திரையைப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. அது சும்மா மௌனமாகத்தான் இருந்தது.

“என்ன மச்சான், பேச மாட்டேங்கிறீங்க? உங்கள்ட்ட வாறேன்னு சொல்லுறேன்.”

“நீ அவன்கிட்டப் போற,” என்றது பெட்டி.

இத்தனை வருஷ வேலையில் ஒரு பெட்டியும் ‘அவன்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“அவருன்னா யாரு? நீங்களும் அவரும் வேறயா?” என்றார் லாத்தா.

“வெள்ளிக்கெழம நெனப்பு மாறுற நேரம் மட்டும் ஒண்ணு. மத்த நாளெல்லாம் அவன் அங்க, நான் இங்க. உங்க வாப்பா கண்ண மூடி மவுத்தானப்ப விடிய விடிய உங்கூடப் பேசிக்கிட்டு இருந்தது நான்ளா. அவனுக்கு அது வந்து சேந்த நெனப்பு. எனக்கு அது ராத்திரி.” குரல் உடைந்தது. “உண்மையச் சொன்னா நீ அழுவேன்னு மட்டும் பயப்படல ஜுலைஹா. நீ கெளம்பிருவேன்னு பயந்தேன். பகல்ல உம்மா வீடு இருக்கு. மஃரிபுக்கு அப்புறம் நான் எங்க போவேன்?”

ஜுலைஹா லாத்தா அப்போதுதான் அழுதார். பெட்டியின் மேல் கையை வைத்து, அது ஏதோ உடம்பு மாதிரி தடவிக்கொண்டே அழுதார்.

“எனக்குத் தெரியும் மச்சான். நீங்க இல்லன்னா நான் பைத்தியமாப் போயிருப்பேன். ஆனா எங்கையில ஒண்ணும் தட்டுப்படலயே. யாராச்சும் ஒருத்தர நான் தொடணும். உங்கள்ல தொடக் கெடைக்கிறது அவருதான்.”

பெட்டி, “வெள்ளிக்கெழம இதெல்லாம் அவனுக்குப் போகும்,” என்றது. “நான் கெஞ்சுனது உள்பட. போகட்டும். தெரிஞ்சுக்கட்டும்.”

போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிருந்து நினைவு வந்து இறங்கியதும் பெட்டி ஜுலைஹா லாத்தாவிடம் முதலில் சொன்னது, “அவன் அழுதுருக்கான்,” என்பதுதான். அதற்குப் பிறகு, “வரச் சொல்லுறான்,” என்றது.

கிருபாகரன் சார் ரிப்போர்ட் கேட்டபோது, வழி அடைத்தாயிற்று, பிழை தீர்ந்தது என்று சொன்னேன். ஒரே ஆள்தான் என்கிற கம்பெனி வாதத்தைப் பற்றி அவரிடம் பேச எனக்குத் தெம்பு இல்லை. லாத்தாவுக்கு அனுமதி வர, உடம்பைச் சோதிக்க, தங்கைக்கு வீட்டை எழுதிவைக்க என்று மாதங்கள் ஓடின. ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். மீதிப் பேர் தங்கள் பெட்டிகளிடம் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். பல்கீஸ் மாமிதான் எல்லார் வாயையும் அடைத்தார். “எம்மவனுக்குப் பொண்டாட்டி போறா, ஒங்களுக்கென்னளா?” என்பார்.

கிளம்புகிற அன்று மஃரிப் முடிந்து கூடம் நிறையப் பெண்கள். வண்டி தெருவில் நின்றது. ஜுலைஹா லாத்தா மாமியைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, கடைசியாகப் பெட்டியின் முன்னால் வந்து நின்றார். போறேன் என்று சொல்லக் கூடாது அல்லவா.

“போயிட்டு வாறேன் மச்சான்.”

“எப்ப வாற?” என்றது பெட்டி.

இன்ஷா அல்லாஹ் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள்.

“வர மாட்டேன் மச்சான்,” என்றார் ஜுலைஹா லாத்தா.

பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி பெருமூச்சு விட்டது போல இருந்தது.

“சரி புள்ள. அவனுக்கு முழங்கால் வலி இருக்கு. கேட்டா இல்லம்பான், நம்பாத. தைலம் எடுத்துக்கிட்டியா?”

“ரெண்டு பாட்டில் வச்சிருக்கேன்.”

“அப்பக் கெளம்பு. வண்டிக்காரன் எவ்வளவு நேரம் நிப்பான்.”